மோட்டாருக்கும் ஒரு வாகடம்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட ஒரு டூவீலர் பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதையும் கழித்தோம். இலக்கியப் பக்கம் ஒன்றில் இப்படித் தொடங்குவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று அங்கே கண்டதும் கேட்டதும் தமிழில் எழுதுகிற, தமிழை வாசிக்கிற எல்லோருக்கும் சம்பந்தமுள்ளவை என்பது எங்கள் எண்ணம். சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறோம்.

எங்கள் நண்பர் ஒருவரின் தம்பி ஆவடியில் வசிக்கிறார். வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், இரண்டு கைமாறி வந்த ஜப்பானிய மோட்டோகிராஸ் வண்டி ஒன்றை வாங்கினார். 125 சிசி, தண்ணீரால் குளிர்விக்கப்படும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். சாலையில் ஓட்டும் வண்டியன்று. திருமழிசைக்கு அப்பால் ஒரு மண் திடலில் விடுமுறை நாட்களில் ஓட்டுவார். வண்டியில் ஒரு குறை இருந்தது. கிளம்பும்போது இழுவையே இல்லை. திருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் திடீரென்று ஆளைத் தூக்கியெறிவது போல் பாய்ந்தது. காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலிலேயே சிலிண்டரைக் கழற்றினார். அது பாதி எழும்பி மாட்டிக்கொண்டது. இடமும் வலமுமாகத் திருகினார். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிஸ்டன் ரிங் உடைந்து, சிலிண்டர் சுவரில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. வேறு சிலிண்டரும் புது பிஸ்டனும் வரவழைத்துப் பூட்ட இரண்டு மாதமும், அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலும் ஆயின. பூட்டி ஓட்டியபோது பழைய குறை அப்படியே இருந்தது. காரணம், பழைய சிலிண்டரிலிருந்த பவர் வால்வைக் கழுவாமல் அப்படியே புதியதில் மாற்றியிருந்தார்.

அதன் பிறகுதான் அம்பத்தூர்ப் பட்டறைக்கு வண்டி வந்தது. வேடிக்கை பார்க்க நாங்களும் கூடப் போனோம்.

பவர் வால்வு என்றால் என்ன என்று அறியாத வாசகருக்காகச் சில வரிகள். நான்கு வீச்சு இன்ஜினில் இருப்பது போல் இந்த வகை டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் தலையில் வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே துளைகள் உண்டு. பட்டறையில் அவற்றைப் போர்ட் என்பார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே அவற்றைத் திறந்து மூடுகிறது. எரிந்த புகை வெளியேறும் போர்ட்டின் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே வண்டியின் குணம் பெரும்பாலும் அமைகிறது. விளிம்பு உயரமாக இருந்தால் பிஸ்டன் இறங்கும்போது போர்ட் சீக்கிரம் திறக்கும். இன்ஜின் வேகமாகச் சுழலும்போது அது நல்லது. மெதுவாகச் சுழலும்போது இழுவை போய்விடும். விளிம்பு தாழ இருந்தால் கீழே இழுவை இருக்கும், மேலே போகப் போக வண்டி மூச்சுத் திணறும். நெடுங்காலம் பொறியாளர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றொன்றை விட்டுக்கொடுத்தார்கள். அந்த விளிம்பையே நகரும்படி செய்தால் என்ன என்ற யோசனையின் விளைவுதான் பவர் வால்வு. பூந்தமல்லிப் பக்கத்து மக்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியின் ஷட்டர் தெரியும். 2015 டிசம்பருக்குப் பிறகு சென்னை முழுவதுக்குமே தெரியும். ஏரி ஷட்டரைப் போலவே இதுவும் போர்ட்டின் வாயில் இறங்கி நிற்கிறது. இன்ஜின் வேகமெடுத்ததும் மேலே ஏறுகிறது. கரி பிடித்து அது ஏறிய நிலையிலேயே நின்றுவிட்டால் எங்கள் நண்பரின் தம்பி வண்டிக்கு வந்த நோய் வரும். இறங்கிய நிலையில் நின்றுவிட்டால் அதற்கு எதிரான நோய்.

இந்த ஏற்பாட்டை 1970களின் இறுதியில் யமஹா நிறுவனம் தன் கிராண்ட் பிரீ பந்தய வண்டிகளில் பொருத்தியது. 1983இல் சாலையில் ஓடும் ஆர்டி 350 வண்டியிலும் அது வெளிநாடுகளில் வந்துவிட்டது. அதே 1983இல்தான் நம் நாட்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350ஐ வெளியிட்டது. பெயரில் அதே 350. ஆனால் நமக்குக் கிடைத்தது 1970களின் நடுப்பகுதி வடிவம். காற்றால் குளிர்வது, பவர் வால்வு இல்லாதது. அதற்குப் பின் நம் சாலைகளை ஆண்ட ஆர்எக்ஸ் 100 (1985 முதல் 1996 வரை), சாமுராய், கேபி 100, மைசூரிலிருந்து வந்த யெஸ்டி ஆகிய எவற்றிலும் பவர் வால்வு கிடையாது. ஆக, நம் ஊர் டூ ஸ்ட்ரோக் மெக்கானிக் ஒருவர் தொழில் கற்ற காலம் முழுவதும் இந்த உறுப்பைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பந்தயத்துக்கென்று இறக்குமதியான வண்டிகள் வழியாகத்தான் அது பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது.

மேற்குப் புறநகருக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவு பழையது. செங்குன்றத்துக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1990இல் பூந்தமல்லிக்கு அப்பால் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் கிடப்பது இரும்பின் நிலம். 1964இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, சைக்கிளும் செயினும் செய்த அம்பத்தூர், குழாய்களும் பீரங்கி வண்டிகளும் செய்த ஆவடி, சக்கரமும் பிரேக்கும் செய்த பாடி. எங்கள் பட்டறைக்காரரும் பதினான்கு வயதில் பேட்டையின் சிறு லேத் கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவர்தான். இப்போது அறுபதை நெருங்குகிறார். அச்சிட்ட பக்கம் எதிலிருந்தும் அவர் பவர் வால்வைக் கற்கவில்லை. கைக்கு வந்த முதல் வண்டியைப் பிரித்து, எதற்காக இது இங்கே இருக்கிறது என்று அரைநாள் உட்கார்ந்து யோசித்துக் கற்றார்.

அன்று அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறோம்.

முதலில் வண்டியைக் கழுவினார். “மண்ணு ஒரு துளி உள்ள போனா பேரிங் போச்சு சார்” என்றார். பிறகு ரேடியேட்டர் தண்ணீரை இறக்கினார். சீட்டு, டேங்க், புகைக்குழல், கார்புரேட்டர் ஒவ்வொன்றாக விலகின. ஹெட் நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றவில்லை. எதிரெதிர் மூலையாகக் கால் சுற்று, கால் சுற்றாக இளக்கினார்; ஒரு பக்கம் மட்டும் முழுக்க இளக்கினால் ஹெட் கோணிக்கொள்ளும். அடுத்து, சிலிண்டருக்கு வலப்புறம் ஒரு சிறு மூடி. அதற்குள்தான் பவர் வால்வை இயக்கும் கம்பி இருக்கிறது. இன்ஜினுக்குள் சுழலும் குண்டுகள் வேகத்தில் விலகி அந்தக் கம்பியைத் தள்ளுகின்றன. கம்பி வால்வைத் தூக்குகிறது. அந்த இணைப்பை விடுவிக்காமல் சிலிண்டரைத் தூக்கினால் கம்பி வளைந்துவிடும். அதை எடுத்த பிறகே அடி நட்டுகளில் ஸ்பேனரை வைத்தார்.

சிலிண்டர் எழும்பவில்லை. ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டு. விரல்களை இருபுறமும் கொடுத்துத் தூக்கினார். இரண்டு விரற்கடை எழும்பியதும் நிறுத்திவிட்டு, சுத்தமான துணியை எடுத்துக் கன்ராடைச் சுற்றிக் கிராங்க் வாயை அடைத்தார். உடைந்த ரிங் துண்டோ, பிறகு கழற்றப்போகும் பின் லாக்கோ கீழே விழுந்தால் இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டிவரும். அதன் பிறகே சிலிண்டர் முழுதாக வெளியே வந்தது. அடியிலிருந்த கேஸ்கெட்டைத் தூக்கிப் போடாமல் அதன் கனத்தை அளந்து சுவரில் கரிக்கட்டியால் குறித்தார். கனம் மாறினால் சிலிண்டரின் உயரம் மாறும். உயரம் மாறினால் போர்ட் திறக்கும் நேரம் மாறும்.

இந்த இடத்தில் தம்பி தான் செய்த தவற்றைச் சொன்னார். பட்டறைக்காரர் பிஸ்டனின் பள்ளத்தில் இருந்த ஒரு சிறு முளையைக் காட்டினார். ரிங்கின் இரு முனைகளும் அந்த முளையில் வந்து நிற்கின்றன. எந்தப் போர்ட்டுக்கும் எதிரே முனைகள் வராதபடி அதை அமைத்திருக்கிறார்கள். சிலிண்டரைத் திருகினால் முனை போர்ட்டுக்கு நேரே வந்து, விரிந்து, துளைக்குள் மாட்டும். “பழைய ஸ்கூட்டர்ல ஸ்டட்டு ஹெட் வரைக்கும் நீளமா இருக்கும் தம்பி. திருகணும்னாலும் திருக முடியாது. இதுல ஸ்டட்டு குட்டை. நாமதான் கைய அடக்கணும்.” அந்தச் சுவரின் தன்மையும் வேறு. ஆர்எக்ஸ் சிலிண்டரில் கீறல் விழுந்தால் லேத்தில் கொடுத்துப் போர் செய்து, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். இதில் அலுமினியத்தின் மேல் நிக்கல் கலவைப் பூச்சு, தலைமுடிப் பருமனுக்குத்தான் இருக்கும். போர் செய்தால் பூச்சே போய்விடும்.

கடைசியாகப் பவர் வால்வு. மூடியைத் திறந்து, எது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று குறித்துக்கொண்டு வெளியே எடுத்தார். பிசினும் கரியுமாக அப்பியிருந்தது. உதவியாளாக இருந்த பையன் காஸ்டிக் சோடா டப்பாவைக் கொண்டு வந்தான். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பழைய சைலன்சர்களில் கரி எடுக்க அதைத்தானே பயன்படுத்தினார்கள்? அவர் தடுத்துவிட்டார். சைலன்சர் இரும்பு, இந்த வால்வு அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். டீசலில் ஊறப்போட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்பப் பொருத்திய பின் விரலால் ஏற்றி இறக்கிப் பார்த்தார். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். சிலிண்டருக்குள் விரலை விட்டு, இறங்கிய வால்வின் நுனி சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவினார். நீட்டினால் பிஸ்டன் அதில் மோதும்.

மாலையில் வண்டி கிளம்பும்போதே இழுத்தது.

பட்டறையிலிருந்து திரும்பி, இதை எழுத உட்கார்ந்தபோதுதான் எங்கள் சங்கடம் தொடங்கியது. எந்தத் தமிழில் எழுதுவது? பாடநூல் தமிழ் ஒன்று இருக்கிறது. அதில் சிலிண்டர் உருளை ஆகும். அதற்குப் பின்னிருக்கும் உழைப்பை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்த தலைமுறை கலைச்சொல்லுக்காக வாழ்நாளைக் கொடுத்தது. ஆனால் அம்பத்தூர்ப் பட்டறையில் ‘உருளை’ என்றால் பையன் கிழங்கு வாங்கக் கிளம்புவான். மறுபுறம், எல்லாம் ஆங்கிலச் சொல்தானே, இதைத் தமிழில் எழுதி என்ன பயன் என்ற அலுப்பு.

அன்று குறித்துக்கொண்ட தாளை மறுபடி படித்தபோது ஒன்றைக் கவனித்தோம். பட்டறையில் பொருட்களின் பெயர்கள்தாம் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. வினைகள் அனைத்தும் தமிழ். இளக்குவது, இறுக்குவது, தட்டுவது, ஊறப்போடுவது, உட்காரவைப்பது, பிசிறு எடுப்பது. நோய்களின் பெயரும் பெரும்பாலும் தமிழ்: ஆட்டம் கண்டிருக்கிறது, மரை போய்விட்டது, கோணிக்கொண்டது, பிடித்துக்கொண்டது, அடைத்துக்கொண்டது. ‘ஆட்டம்’ என்ற சொல்லைப் பட்டறையில் எத்தனை நுட்பமாகக் கையாள்கிறார்கள் என்று கேட்டால்தான் தெரியும். இருக்க வேண்டிய ஆட்டம், இருக்கக் கூடாத ஆட்டம், போகப் போகச் சரியாகிவிடும் ஆட்டம். தொழிலறிவு குடியிருப்பது இந்த வினைகளிலும் குணச்சொற்களிலும்தான். பெயர்ச்சொல்லை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று அரை நூற்றாண்டு வாதாடிய நாம், ஏற்கெனவே தமிழாக இருக்கும் பகுதியை எழுதாமலே விட்டுவிட்டோம்.

இது நம் மரபுக்கும் புதிதல்ல. மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வதென்று நம்மவர்கள் மாட்டு வாகடம் எழுதினார்கள். குதிரைக்கு அசுவ சாத்திரம் உண்டு; மரக்கலம் கட்டுவோருக்குக் கப்பல் சாத்திரம் உண்டு. அறிகுறி, காரணம், மருந்து, செய்முறை, செய்யக்கூடாதது என்று வரிசைப்படுத்தி, மனப்பாடமாகும்படி செய்யுளில் கட்டி வைத்தார்கள். ஓலை கிடைக்காத காலத்திலும் அறிவு கைமாறியது. நூற்றாண்டுக்கு மேலாக நம் தெருக்களில் மோட்டார் ஓடுகிறது. அதற்கு வாகடம் எழுத நமக்குத் தோன்றவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடநூல்கள் தமிழில் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவை தேர்வுக்குரியவை. கேஸ்கெட்டைச் சுவரில் குறித்துவைத்த மனிதரின் முன்யோசனைக்கு அவற்றில் இடமில்லை.

நவீன இலக்கியம் இந்தத் திசையில் ஓரளவு நடந்திருக்கிறது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்து வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை அளித்தார். ஏரும் ஏற்றமும் மறையத் தொடங்கிய வேளையில் அவற்றின் சொற்களாவது பதிவாயின. பட்டறைக்கும் லேத்துக்கும் வார்ப்படத்துக்கும் அத்தகைய ஒரு தொகுப்பு வேண்டும். தொழிற்பேட்டையும் ஒரு வட்டாரம்தான். அதற்கும் வழக்கு உண்டு.

எங்கள் நண்பர்களிடையே இதைச் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன.

முதலாவது, காணொளி இருக்கும்போது எழுத்து எதற்கு என்பது. தம்பி பார்த்ததும் காணொளிதான். அதில் சிலிண்டர் நான்கு விநாடியில் வெளியே வந்துவிட்டது. மாட்டிக்கொள்ளாத சிலிண்டரை அவர் கண்டார், மாட்டிக்கொண்டால் என்ன செய்யக்கூடாது என்பதைக் காணவில்லை. காணொளியைக் குறை சொல்வது நோக்கமல்ல. கையின் அசைவைக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் ‘ஏனெனில்’ என்ற சொல் எழுத்தில் தங்குவது போல் காட்சியில் தங்குவதில்லை.

இரண்டாவது, டூ ஸ்ட்ரோக் செத்துக்கொண்டிருக்கும் தொழில்நுட்பம், அதற்கு ஏன் ஒப்பாரி என்பது. ஒப்பாரி வைக்கவில்லை. எரியாத பெட்ரோலில் கணிசமான பங்கைப் புகையோடு வெளியே தள்ளிய இன்ஜின் அது. அந்தப் புகையைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2000க்குப் பின் இறுகிய புகை விதிகள் அதைச் சாலையிலிருந்து அகற்றின. மொபெட்டான டிவிஎஸ் எக்ஸ்எல் கூட 2015இல் நான்கு வீச்சு வடிவத்தில் வந்தது. அது சாலையை விட்டுப் போனது நியாயம். இன்று மோட்டோகிராஸ் வண்டிகளில் அது தொடர்கிறது, அவ்வளவே. ஆனால் போகிற பொருளோடு அதைப் புரிந்துகொண்ட முறையும் போக வேண்டும் என்பதில்லை. அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி நாளை மின்வண்டிக்கும் உதவும். பட்டறையில் சேரப் பையன்கள் வருவது குறைந்துவிட்டது என்று அவர் சொன்னார். ஆள் வழியாகக் கைமாறிய அறிவுக்கு ஆளே இல்லாமற்போனால் எழுத்தைத் தவிர வேறு எது மிஞ்சும்?

மூன்றாவது, இது இலக்கியத்தின் வேலையா என்பது. ஒரு மனிதர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்யும்போது என்ன நடக்கிறது என்பதைப் பிசகின்றிச் சொல்ல முயல்கிறவர் எழுதக் கற்றுக்கொள்கிறார் என்று பதில் சொல்வோம். உரைநடைக்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது அரிது. வருணனையில் ஒரு சொல் தவறினால் வாசகர் மன்னிப்பார்; இங்கே சிலிண்டர் மன்னிக்காது.

இந்தப் பக்கத்தின் வாசகர்களிடம் நாங்கள் கேட்பது சிறியதுதான். உங்கள் தெருவில் ஒரு பட்டறையோ, தறியோ, அச்சுக்கூடமோ இருக்கும். ஒரு முற்பகல் அங்கே போய் உட்காருங்கள். ஒரே ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, செய்பவரின் சொற்களிலேயே, காரணங்களோடு எழுதுங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

கடைசி வரியை அனுபவத்திலிருந்தே சொல்கிறோம். மேலே இருக்கும் செய்முறையை அடுத்த ஞாயிறு பட்டறைக்குக் கொண்டுபோய் வாசித்தோம். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டவர் ஒரே இடத்தில் நிறுத்தினார். ‘சிலிண்டரை மெதுவாகத் தூக்கினார்’ என்று எழுதியிருந்தோம்.

“மெதுவான்னு போடாதீங்க சார். மெதுவாத் திருகினாலும் ரிங்கு ஒடையும். நேரான்னு போடுங்க. நேராத் தூக்கணும்.”

திருத்திக்கொண்டோம். சிலிண்டரை நேராகத்தான் தூக்க வேண்டும்.